குற்றவாளிக் கூண்டுக்கு ஒரு மூட்டை மஞ்சள்

அறுபத்தெட்டாவது வயதில் சிறைக்குப் போவது என்று மஹ்மூது முடிவெடுத்தார்.

முடிவெடுத்த இடம் கொண்டச்சிக் கடற்கரை. சுபஹுத் தொழுகை முடிந்து, கிழக்கு வெளுக்கத் தொடங்கிய நேரம். காரணம், காலடியில் கிடந்த ஒரு மூட்டை.

கடற்படை எந்தப் படகையோ விரட்டியிருக்கிறது. படகுக்காரர் சுமையை உருட்டிவிட்டுத் தப்பியிருக்கிறார்கள். கடல் அதை விழுங்காமல் கரையில் துப்பிவிட்டது. மஹ்மூது வாய்க்கட்டை அவிழ்த்து, உள்ளே இருந்த பொலித்தீனை விலக்கிப் பார்த்தார். மஞ்சள். இந்திய மஞ்சள். ஒரு துளி நனையாமல், விரல் விரலாக, கலகலவென்று கிடந்தது.

இன்னொருவராக இருந்தால் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்திருப்பார். மஹ்மூதும் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் பார்க்கவில்லையே என்று வருந்தினார்.

மஞ்சள் இறக்குமதிக்கு அரசாங்கம் தடை போட்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது. கையில் டொலர் இல்லையாம். டொலரைத் தின்றவர்கள் தின்றுவிட்டுப் போக, ஏழையின் குழம்பு வெளுக்க வேண்டுமாம். சரக்கு கொள்கலனில் துறைமுகத்துக்கு வந்து பிடிபட்டால், முதலாளி தண்டம் கட்டிவிட்டுக் காரில் வீட்டுக்குப் போவார். அதே சரக்கு சாக்கில் மணலுக்கு வந்து பிடிபட்டால், படகு போகும், இயந்திரம் போகும், ஆளும் உள்ளே போவான். மஹ்மூது இதைப் பற்றி மட்டும் நான்கு துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறார். நாலாவதில் கச்சான் கடலை சுற்றி விற்றார்கள்.

முப்பது வருடம் போராடிய மனிதர் அவர். புத்தளத்து அகதி முகாமில் தண்ணீருக்குப் போராடினார். ஊர் திரும்பியதும் காணிக்கு, வீதிக்கு, பஸ்ஸுக்கு என்று போராடினார். ஆனால் ஒரு நாள்கூடச் சிறையில் இருந்ததில்லை. ஒரேயொரு முறை பொலிஸ் பிடித்தது. பிளேன்ரீ கொடுத்தார்கள். "இந்த வயசில வெயில்ல நிக்காதீங்கோ அப்பா" என்று சொல்லி, ஜீப்பில் ஏற்றி வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த அவமானத்தை மஹ்மூது இந்த அரசுக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.

இது போதாதென்று டொமினிக் வேறு இருந்தார். சிலாவத்துறை மீனவர் சங்கத்து டொமினிக். பழைய தோழர். ஏதோ ஒரு மறியலில் பிடிபட்டு இரண்டு வாரம் வவுனியாச் சிறையில் உள்ளே இருந்தவர். அதற்குப் பிறகு அவர் தொடங்கும் எந்தப் பேச்சும் "நான் உள்ளுக்க இருக்கேக்குள்ள" என்றுதான் தொடங்கும். மழையைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான்.

ஆகவே மஹ்மூது மூட்டையைச் சைக்கிளில் ஏற்றினார். மறைக்கவில்லை, மூடவில்லை. பெரிய வீதியால், பள்ளிவாசலுக்கு முன்னால், நடு ஊருக்குள்ளால் உருட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்தவர்கள் சலாம் சொன்னார்கள். சாக்கில் என்ன என்று ஒருவர் கேட்க வேண்டுமே!

வீட்டில் றம்லா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள்.

"இதென்ன மூட்டை?"

"கடத்தல் பொருள்."

"செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ. கூட்டின முற்றம்."

"றம்லா, விளங்குதா? இது தடை செய்யப்பட்ட மஞ்சள். தெரிஞ்சுகொண்டு வைச்சிருக்கிறது குற்றம். சுங்கக் கட்டளைச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. பொருளைப் பறிமுதல் செய்வினம். மூண்டு மடங்கு தண்டம் கேப்பினம். நான் கட்டமாட்டன். அப்ப நீதிமன்றம். அங்க கூண்டில ஏறி நிண்டு பேசுவன். இந்தச் சட்டத்தைத் தோலுரிச்சுக் காட்டுவன்."

"கட்டாட்டி?"

"சிறை!"

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். அழுகை வரும். 'என்ர வாப்பா இதுக்கா என்னைக் கட்டித் தந்தவர்' வரும். முப்பது வருடமாக எந்தப் போராட்டத்துக்கும் அது வராமல் இருந்ததில்லை.

றம்லா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"ஓம். போங்கோ."

மஹ்மூதுக்கு நெஞ்சில் யாரோ குத்தியது போல இருந்தது. "என்ன?"

"போங்கோ எண்டன். உங்களுக்கும் ஆசை. எத்தினை நாளைக்குத்தான் மறிக்கிறது? சீனி வருத்தக் குளிசை, சாரம், கண்ணாடி எல்லாம் ஒரு பையில கட்டித் தாறன். எப்ப வருவினம்?"

"இனித்தான் அறிவிக்கவேணும்."

"அப்ப வாற வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளி வரச் சொல்லுங்கோ. அண்டைக்குத்தான் பள்ளியில கந்தூரி. சோத்துக்கு ஊர்ச் சனம் முழுக்க நிக்கும். சனம் பாக்காத கைது என்ன கைது?"

முப்பது வருடப் போராட்ட வாழ்வில் இவ்வளவு சிறந்த ஆலோசனையை எந்தத் தோழரும் அவருக்குச் சொன்னதில்லை.

அன்றே மன்னார்ச் சுங்க அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் ஓர் இளம் அதிகாரி. பெயர் அலெக்ஸாண்டர்.

"சொல்லுங்கோ ஐயா."

"தம்பி, கொண்டச்சியில ஒரு வீட்டில கடத்தல் மஞ்சள் இருக்கு."

"ஆற்ற வீடு?"

"என்ர வீடு."

"ஐயா, உங்களுக்கும் உங்கட வீட்டுக்காரருக்கும் ஏதும் சண்டையோ?"

"நான்தான் வீட்டுக்காரர்! என்னை வந்து கைது செய்யுங்கோ!"

"பிரச்சினை என்னெண்டா ஐயா, வாகனத்துக்கு டீசல் இல்ல. நாடு கிடக்கிற கிடையில லைனில நிண்டாலும் கிடைக்குதில்ல. நீங்களே மூட்டையோட ஒருக்கா இஞ்சால வந்திட்டுப் போனா..."

மஹ்மூது அதிர்ந்துபோனார். மக்களைக் கைது செய்யக்கூட வக்கில்லாத அரசு! இதற்கு எதிராகவா தன் இளமையைச் செலவழித்தார்? அவர் போட்ட சத்தத்தில், கந்தூரி வெள்ளியன்று எப்படியாவது மோட்டார் சைக்கிளில் வருவதாக அந்தப் பிள்ளை ஒப்புக்கொண்டான்.

மூட்டையை விறாந்தையில், தன் கட்டிலுக்குத் தலைமாட்டில் நிமிர்த்தி வைத்தார். வாயைத் தன் கையாலேயே கட்டினார். அவருக்கு மட்டுமே தெரிந்த முடிச்சு. காலையும் மாலையும் முடிச்சைத் தடவிப் பார்த்தார். அசையவில்லை.

அஸர் தொழுத பிறகு தினமும் கடற்கரைக்குப் போய் நீதிமன்றப் பேச்சை ஒத்திகை பார்த்தார். அலைகள் அமைதியாகக் கேட்டன. காகங்கள்தான் இடையில் எழுந்து போயின. பிறகு வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது றம்லாவுக்கும் ஒரு தடவை பேசிக் காட்டுவார்.

"கனம் நீதிபதி அவர்களே! இன்று இந்தக் கூண்டில் நிற்பது நானல்ல. ஓர் ஏழையின் குழம்புச் சட்டி!"

"நேற்று 'இந்த நாட்டின்' எண்டும் வந்தது."

"எங்க?"

"ஏழைக்கு முன்னால. அது நல்லாயிருந்தது. திருப்பிப் போடுங்கோ."

அவருக்குப் புல்லரித்தது. கல்யாணமாகி நாற்பது வருடம் கழித்து இந்தப் பெண்ணுக்கு அரசியல் விழிப்பு வந்துவிட்டது.

பின்வளவில் மட்டும் தினமும் உரல் சத்தம். அவர் கடற்கரையால் திரும்பும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கலைந்து போவார்கள். பக்கத்து வீட்டு றுஷ்தா அரிதட்டோடு ஓடுவாள்.

"என்ன இடிபாடு?"

"கந்தூரிக்கு மிளகாய்த் தூள்."

மஹ்மூது மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றும் மணக்கவில்லை. கொரோனா வந்து போன நாளிலிருந்து அவருடைய மூக்கு கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டும்தான் பயன்பட்டது.

இன்னொன்றும் கவனித்தார். ஊர்ப் பெண்கள் எல்லோரும் கையில் மருதோன்றி போட்டிருந்தார்கள். பெருநாளும் இல்லை, கல்யாண வீடும் இல்லை. றம்லாவும் போட்டிருந்தாள். விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை, ஓர் இடம் மிச்சமில்லாமல்.

"இந்த வயசில இதென்ன?"

றம்லா தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கள் போகப்போறியள். அதுதான்."

மஹ்மூது முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். புருசன் சிறைக்குப் போகும் முன்பு மனைவி மருதோன்றி போடுகிறாள். அவளோடு சேர்ந்து ஊரே போடுகிறது. டொமினிக் போனபோது அவர் மனைவி அன்ரோனெற் ஒரு சீலைகூட மாற்றிக் கட்டவில்லை!

அந்த வெள்ளி வந்தது.

டொமினிக் பத்து மணிக்கே சைக்கிளில் வந்து இறங்கினார். மூட்டையைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"நான் உள்ளுக்க இருக்கேக்குள்ள, மஹ்மூது, முதல் நாள்தான் கஷ்டம். நுளம்புக் கடி."

"நுளம்புக்குப் பயந்தவன் போராட வரக்கூடாது."

"சாப்பாடும் சரியில்ல. நான் உள்ளுக்க..."

"டொமினிக், உனக்குக் குடுத்தது ரெண்டு கிழமை. எனக்கு எத்தினை மாசம் வருமெண்டு பொறுத்திருந்து பார்."

ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வர, அலெக்ஸாண்டர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். தோட்டவெளிப் பிள்ளை. வழியில் பெட்ரோல் முடிந்து, கடைசி இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மஹ்மூது இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"ஐயா, முதல்ல கொஞ்சம் தண்ணி."

"தம்பியைச் சாப்பிட விடுங்கோ!" உள்ளேயிருந்து றம்லாவின் குரல். "கந்தூரி நாளில வீட்டுக்கு வந்தவரைப் பசியோட வைச்சுக் கைது செய்யச் சொல்லுறதோ?"

பள்ளிவாசலிலிருந்து சஹன் வந்தது. மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடும் பெரிய தட்டு. மூடியைத் திறந்ததும் டொமினிக் "ஆ!" என்றார். நெய்யில் பளபளக்கும் மஞ்சள் சோறு. மேலே ஆட்டிறைச்சி. இரண்டு வருடமாக அந்த ஊர்க் கந்தூரிச் சோறு வெள்ளையாகத்தான் இருந்தது. வீதியில் ஆட்கள் சோற்றைத் தூக்கிப் பிடித்து ஒருவருக்கொருவர் காட்டினார்கள்.

மஹ்மூது நிறத்தைக் கவனிக்கவில்லை. அவர் மனம் முழுக்கக் கூண்டில் நின்றது. அலெக்ஸாண்டர் கவனித்தானோ தெரியாது. நிமிராமல் சாப்பிட்டான். ஒரு தட்டு முடிந்து இன்னொரு தட்டும் வந்தது.

யாரும் கை கழுவ முன்பே மஹ்மூது எழுந்தார். வாசலில் சனம் கூடிவிட்டது. இவ்வளவு பேரை அவர் எந்தக் கூட்டத்திலும் கண்டதில்லை.

"அதிகாரி அவர்களே! இது என் வீடு. இது கடத்தல் மஞ்சள். தெரிந்தே வைத்திருக்கிறேன். திறந்து பாருங்கள்!"

தன் முடிச்சைத் தானே அவிழ்த்தார். மூட்டையைக் கவிழ்த்தார். விறாந்தை நிறையக் கலகலவென்று கொட்டியது.

அலெக்ஸாண்டர் குனிந்து ஒன்றை எடுத்தான். முறித்தான். கடித்தான்.

"ஒடியல்" என்றான்.

"என்ன?"

"ஒடியல் ஐயா. பனங்கிழங்கை அவிக்காமக் காயவைக்கிறது. எங்கட அம்மாவும் தோட்டவெளியில இதைத்தான் காயப்போடுறவ. நல்ல ஒடியல். கூழுக்குத் திறம்."

மஹ்மூது சாக்கைத் தூக்கிப் பார்த்தார். வாய்க்கட்டு அப்படியே இருந்தது. அடிப்பக்கம் தையல் மெஷினில் இரட்டைத் தையல். புது நூல். இரண்டு கிழமை அவர் சாக்கின் வாயைத்தான் காவல் காத்திருக்கிறார்.

"மஞ்சள் எங்க?" அவர் குரல் கீச்சிட்டது. "என்ர மஞ்சள் எங்க?"

அலெக்ஸாண்டர் மெல்லத் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். ஐந்து விரலும் பொன் நிறம். டொமினிக் தன் கையைப் பார்த்தார். வாசலில் நின்ற சனம் முழுக்கத் தத்தம் கையைப் பார்த்தது. யாரோ ஒருவர் ஏப்பம் விட்டார்.

"யேசுவே" என்றான் அலெக்ஸாண்டர். முகம் வெளிறிப் போனது. "நான் ரெண்டாம் தட்டும் சாப்பிட்டனே."

மஹ்மூதுக்கு மூழ்குகிறவன் கையில் பலகை அகப்பட்டது போல ஒரு வெளிச்சம். "அப்ப குற்றம் நடந்திருக்கு! பொருள் இல்லாட்டி என்ன? நான் ஒப்புக்கொள்ளுறன். என்னைக் கொண்டுபோங்கோ!"

அலெக்ஸாண்டர் நெற்றியைத் துடைத்தான். நெற்றியும் மஞ்சளானது. "ஐயா, நீங்கள் சாக்கைக் கட்டி வைச்சுக்கொண்டு காவலிருந்தனீங்கள். அதை எடுத்தது வேற ஆள். இடிச்சு, ஊருக்கே பகிர்ந்து குடுத்த ஆள்தான் இப்ப பெரிய குற்றவாளி. அது ஆர் எண்டு முதல்ல..."

"நான்தான் தம்பி."

றம்லா கதவடிக்கு வந்துவிட்டாள். தலையில் முக்காடு. கையில் மருதோன்றி. அந்தச் சிவப்புக்கு அடியில் நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"சாக்கைப் பிரிச்சது நான். இடிச்சதும் நான். அரிச்சது றுஷ்தா. பிறகு இந்த ஊரில நாப்பது வீட்டுப் பொம்பிளையள். எல்லாரும் தெரிஞ்சுகொண்டுதான் செய்தனாங்கள். ஏத்துறதெண்டா எல்லாரையும் ஏத்துங்கோ. மோட்டார் சைக்கிள் காணாது. பஸ் கொண்டு வாங்கோ."

மஹ்மூது அவள் பக்கம் திரும்பினார். "றம்லா, உனக்கென்ன விசரா? நீதிமன்றத்தில கேள்வி கேப்பினம்! நீ என்னெண்டு பேசுவாய்?"

"ஏன் பேசேலாது? ரெண்டு கிழமையாக் காதுக்க விழுந்துகொண்டுதானே கிடக்கு." றம்லா தொண்டையைச் செருமினாள். நிமிர்ந்து நின்றாள். "கனம் நீதிபதி அவர்களே! இன்று இந்தக் கூண்டில் நிற்பது நானல்ல. இந்த நாட்டின் ஓர் ஏழையின் குழம்புச் சட்டி!"

சனம் கை தட்டியது.

மஹ்மூதின் பேச்சுக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. டொமினிக்கும் தட்டினார். "மஹ்மூது, இவ உள்ளுக்கப் போனா நாங்கள் ரெண்டு பேரும் வெளியில கதைக்கேலாது" என்றார்.

மஹ்மூதின் மனக்கண்ணில் எல்லாம் ஓடியது. கூண்டில் றம்லா. பத்திரிகையில் றம்லா. இனி ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சாப்பாட்டிலும், "நான் உள்ளுக்க இருக்கேக்குள்ள" என்று றம்லா. அதற்கும் மேலே, முட்டி வலியோடு வவுனியாச் சீமெந்துத் தரையில் படுத்திருக்கும் றம்லா. இதில் எது அவரை உலுக்கியது என்று அவரே பிற்பாடு சொன்னதில்லை.

அவர் அதிகாரிக்கும் மனைவிக்கும் நடுவில் பாய்ந்தார்.

"அதிகாரி அவர்களே! எங்கே மஞ்சள்? காட்டுங்கள் பார்ப்போம்! கைப்பற்றிய பொருள் எது? ஒடியல்! ஒடியலுக்குத் தடை உண்டா? இல்லை! பனை எங்கள் மண்ணில் நிற்கிறது. படகில் வரவில்லை. ஒரு வயோதிபப் பெண் வாயில் வந்ததைச் சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலமா? சோற்றில் நிறமா? குங்குமப்பூவாக இருக்கலாம்! சாயமாக இருக்கலாம்! பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டுமா? யாருடைய வயிற்றை அனுப்பப் போகிறீர்கள்? முதலில் உங்களுடையதை அனுப்புங்கள்!"

முப்பது வருடத்தில் அவர் பேசிய மிகச் சிறந்த பேச்சு அதுதான். ஒரு சொல் தடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவரைச் சிறையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தது.

"சரி ஐயா" என்றான் அலெக்ஸாண்டர், பெருமூச்சு விட்டு. "முறைப்பாடு பொய். பொருள் ஒடியல். நான் அப்பிடியே சொல்லிவிடுறன்."

டொமினிக் தன் சைக்கிளில் போனார். சனம் கலைந்தது. யாரோ ஒரு போத்தல் பெட்ரோல் கொண்டு வந்து கொடுக்க, மோட்டார் சைக்கிளும் புறப்பட்டுப் போனது. மஹ்மூது ஒடியல் குவியலுக்கு நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். தன் வாழ்க்கையை நினைத்தார். ஒரு கூட்டத்துக்குப் பதினேழு பேரைச் சேர்க்க அவர் பட்ட பாடு! இவள் துண்டுப்பிரசுரம் அடிக்காமல், கொடி பிடிக்காமல், ஓர் ஊரையே சட்டத்தை மீற வைத்து, மேலே வெற்றிலையும் போட வைத்துவிட்டாள்.

"என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்கள் தலைமை தாங்கியிருப்பியள்" என்றாள் றம்லா. "பிறகு எங்க சோறு வேகுறது?"

மஹ்மூதின் வயிறு இரைந்தது. கூண்டை நினைத்துக்கொண்டிருந்ததில் சஹனில் அவர் நாலு வாய்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு தட்டும் அதிகாரிக்கும் டொமினிக்குக்கும்தான் போனது. சரி, வழக்குத்தான் போய்விட்டது. எந்த மஞ்சளுக்காகச் சிறைக்குப் போக இருந்தாரோ, அந்த மஞ்சளின் சோற்றையாவது ஒரு பிடி நிம்மதியாகச் சாப்பிடலாம்.

"சட்டியடியில கொஞ்சம் கிடந்தாத் தா."

"இல்ல. அந்தத் தம்பி பெஞ்சாதிக்கும் எண்டு கேட்டுது. வழிச்சுக் கட்டிக் குடுத்திட்டன்." றம்லா ஒடியலைக் கூட்டி அள்ளத் தொடங்கினாள். "காலைத் தூக்குங்கோ. உங்களுக்கு இராவைக்கு ஒடியற்கூழ்."